ஐஸ் பெட்டியில் போன இரண்டு போத்தல்கள்

எனக்கு வாய் நீளம். பரந்தனில் என் மில்லுக்கு மிளகாய் அரைக்க வருகிற எல்லோருக்கும் அது தெரியும். மெஷின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கத்திப் பழகிய வாய். அந்த வாயிலிருந்து வயிற்றுக்குப் போகிற பாதை ஒருநாள் பூட்டிக்கொள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை. இப்போது சோறு இறங்குகிறது. இறங்குகிற நாளிலேயே எழுதிவைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதே பயத்தோடு ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் காத்திருக்கிற யாருக்காவது உதவட்டும்.

தொடக்கம் சின்னது. ஒரு காலை புட்டுச் சாப்பிடும்போது ஒரு வாய் நெஞ்செலும்புக்குப் பின்னால் நின்றுகொண்டது. தண்ணீர் குடித்தேன், போய்விட்டது. இரண்டு கிழமையில் சோறு நின்றது. பிறகு பாண். பிறகு கஞ்சி. கடைசியில் வெறும் தண்ணீரே மிளகாய்த் தண்ணீர்போல எரித்துக்கொண்டு இறங்கியது. சட்டைகள் தொளதொளத்துப் போயின. என் கணவர் சிவம் வட்டக்கச்சியில் வயல் செய்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். அவரே ஒருநாள் வாய் திறந்தார்.

“இஞ்சேர், நீ கத்திறது குறைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

நான் போகவில்லை. காரணம் அம்மா.

அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அது சண்டைக்காலம். கிளிநொச்சிக்கு வந்திருந்த ஒரு டொக்டர் அம்மாவின் உணவுக்குழாயிலிருந்து சதைத் துண்டு ஒன்றை எடுத்து, சின்னப் போத்தலில் போட்டு, கொழும்பில் கொடுத்துப் பரிசோதிக்கும்படி என் தம்பி ராசனிடம் தந்தார். அப்போது ராசனுக்குப் பத்தொன்பது வயது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பாதை பூட்டிக் கிடந்தது. இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று எட்டு நாள் அங்கேயே கிடந்துவிட்டு, போத்தலோடு திரும்பி வந்தான். டொக்டர் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, “இனி இதால பிரயோசனம் இல்லை” என்றார். இரண்டு மாதத்தில் அம்மா போய்விட்டா. கடைசி நாட்களில் பஞ்சில் நனைத்துப் பிழிந்த தண்ணீரும் இறங்கவில்லை. என்ன வருத்தம் என்று யாரும் எழுதித் தரவில்லை. புற்றுநோய் என்று சனம் சொன்னது. நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம்.

ஆகவே எனக்கும் அதுதான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். டொக்டரிடம் போனால்தானே அது உண்மையாகும், போகாவிட்டால் இல்லை என்பதுபோல நாட்களைக் கடத்தினேன். இது படித்தவள் செய்கிற வேலையா என்று கேட்பீர்கள். பயம் வந்த பிறகு படிப்பு ஒரு மூலையில்தான் இருக்கும்.

ஒருநாள் மில்லிலேயே தலை சுற்றி விழுந்தேன். கண் விழித்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பெரியாஸ்பத்திரி வார்ட்டில் யன்னலோரக் கட்டில். சிவம் பக்கத்தில் நின்று, என் செருப்பு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்.

டொக்டர் சின்ன வயது. கேள்வி கேட்டால் பதிலை முழுதாகக் கேட்கிற ஆள். “சாப்பாடு போற குழாய்க்குள்ள கமரா விட்டுப் பாப்பம் அம்மா. தேவையெண்டால் துண்டு எடுப்பம்” என்றார். துண்டு என்ற சொல்லைக் கேட்டதும் ராசன் ஓமந்தையிலிருந்து திரும்பக் கொண்டுவந்த போத்தல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கமரா அறைக்கு வெளியே ஒரு வரிசைக் கதிரை. எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கதவு திறக்கும்போது மட்டும் எல்லாத் தலையும் ஒன்றாக நிமிரும், பெயர் வேறு யாருடையதோ என்றால் ஒன்றாகக் குனியும். என் பெயர் வந்தபோது எழுந்திருக்க எனக்கு விருப்பமில்லை. சிவம் முதுகில் கை வைத்து, தள்ளுவதா தடவுவதா என்று தெரியாதபடி ஒரு அழுத்து அழுத்தினார்.

உள்ளே தொண்டைக்கு ஒரு கசப்பு மருந்து விசிறினார்கள். கொஞ்ச நேரத்தில் தொண்டை மரத்துப்போனது. இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, பல்லுக்கிடையில் ஒரு பிளாஸ்ரிக் வளையம் வைத்தார்கள். என் வாயை ஒருவர் அடைத்தது அதுதான் முதல்தரம். குழாய் இறங்கும்போது ஓங்காளம் வரும், கண்ணால் தண்ணீர் ஓடும். ஆனால் மூச்சுப் போய்வரும். இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதிப் பயம் இல்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் முழுப் பயமும் பட்டேன். திரையில் என் உணவுக்குழாய் தெரிந்தது. சுவர் முழுக்கத் தயிர் தெறித்ததுபோல வெள்ளைப் படை. அதற்குக் கீழே சிவப்பாக ஒரு புண். டொக்டர் கம்பி முனையில் இருந்த சின்ன இடுக்கியால் எள்ளளவு எள்ளளவாகச் சில துண்டுகள் கிள்ளி எடுத்தார். அது நோகவில்லை.

“வெள்ளையா இருக்கிறது பூஞ்சணமா இருக்கலாம்” என்றார் பிறகு. “புண்தான் யோசனை. பூஞ்சணத்தாலயும் புண் வரும், வைரசாலயும் வரும், மற்றதாலயும் வரும். பரிசோதிச்சாத்தான் தெரியும்.”

மற்றது எது என்று நான் கேட்கவில்லை.

துண்டுகளை இரண்டு போத்தல்களில் போட்டிருந்தார்கள். எதற்கு இரண்டு என்று மிஸ்ஸியைக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்போம். அந்த மிஸ்ஸி பொறுமைசாலி, படிப்பிப்பதுபோலச் சொன்னா. ஒரு போத்தலில் ஃபோமலின், அதாவது சதையை எடுத்த நிலையிலேயே நிறுத்திவைக்கிற மருந்துத் தண்ணீர். ஆய்வுகூடத்தில் அந்தத் துண்டை மெழுகுக்குள் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிதாகச் சீவி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். பூஞ்சணம் இருந்தால் நூல் நூலாக நிறம் பிடிக்கும். வைரஸ் இருந்தால் உடம்பின் கலங்கள், அதாவது செல்கள், ஊதிப் பெருத்திருக்கும். மற்றப் போத்தலில் வெறும் உப்புத் தண்ணீர். அதற்குள் கிருமியை உயிரோடு கொண்டுபோய், தீன் போட்டு வளர்த்துப் பார்ப்பார்கள். எது வளர்கிறது, எந்த மருந்துக்குச் சாகிறது என்று தெரியும். ஒரு போத்தலில் எல்லாம் செத்திருக்க வேண்டும், மற்றதில் எல்லாம் உயிரோடிருக்க வேண்டும். நல்ல கதை என்று நினைத்தேன்.

“இந்த விசேஷப் பரிசோதனை கொழும்பிலதான். உங்கட ஆக்கள் ஒருத்தர் கொண்டு போனால் கெதியாச் சேரும்” என்றா மிஸ்ஸி. சிவத்தைப் பார்த்து, “வெயிலும் படக்கூடாது, ஐஸிலயும் வைக்கக்கூடாது. விளங்குதோ?” என்றா. சிவம் தலையாட்டினார்.

கொண்டுபோக ராசனை விட்டால் வேறு ஆள் ஏது? அவன் இப்போது முல்லைத்தீவுப் பக்கம் நாயாற்றில் மீன் வாங்கி அனுப்புகிற முதலாளி. அவனுடைய லொறி ஒவ்வொரு நாளும் கொழும்புக்குப் போகிறது. சொல்லி அனுப்பியதும் மீன் மணத்தோடு கட்டிலடியில் வந்து நின்றான்.

“பழுதாப் போகாமக் கொண்டு போய்ச் சேர்” என்றேன், இருந்த குரலில்.

“அக்கா, நீ ஒண்டுக்கும் யோசியாத. நாயாத்து மீனே கண் வெளிறாமக் கொழும்புக்குப் போகுது. இது போகாதோ?”

சிவம் அவனை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், மிஸ்ஸி சொன்னதைச் சொல்லிவிட்டாராம். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “கவனமாக் கொண்டு போ” என்றாராம். அன்றைய பத்து வார்த்தையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அடுத்த நாள் மத்தியானம் ராசன் போனில் வந்தான். குரலில் அப்படி ஒரு பெருமை.

“அக்கா, குடுத்தாச்சு! மீன் வைக்கிற றிஜிபோம் பெட்டியில மூண்டு தட்டு ஐஸ். ஐஸுக்கு மேல உப்பும் தூவினனான், அப்பத்தான் குளிர் இறுகும். ஒரு சொட்டு உருகேல்லை. வாங்கின பொடியனே பெட்டியைத் திறந்துபோட்டு அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டவன்.”

மிஸ்ஸி ஐஸ் கூடாது என்றது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை, நல்லது என்றேன்.

மறுநாள் காலை டொக்டர் வந்தபோது முகம் சரியில்லை. துண்டுகள் கல்லாக உறைந்து போய்ச் சேர்ந்திருந்தனவாம். சதைக்குள் இருக்கிற தண்ணீர் ஊசி ஊசியாக உறைந்து, கலங்களைக் கிழித்துவிடும் என்று விளங்கப்படுத்தினார். பிரிஜ்ஜின் மேல்தட்டில் மறந்துபோய் வைத்த கீரையை வெளியில் எடுத்தால் சொதசொதத்துப் போகுமே, அப்படித்தான். சாயம் போட்டாலும் எது கிருமி, எது கிழிசல் என்று சொல்ல முடியாது. உப்புத் தண்ணீரில் போனது வளர்ந்தாலும் வளராவிட்டாலும் நம்ப முடியாது.

“திரும்ப எடுக்கோணும் அம்மா. அஞ்சு நாள் செல்லும்.”

“அதுவரைக்கும் மருந்தையாவது தாங்கோவன், டொக்டர்.”

“மருந்து தொடங்கினால் கிருமி மறைஞ்சிடும். பிறகு இந்தப் புண் எதால வந்ததெண்டு சொல்லேலாமப் போயிடும். அஞ்சு நாள் பொறுங்கோ.”

ஐந்து நாள் என்பது அவருக்கு. எனக்கு அது அம்மாவின் இரண்டு மாதத்தில் ஒரு துண்டு. டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் ராசனுக்குப் போன் எடுத்தேன்.

“நான் என்ன மீனோடா உனக்கு? உப்புப் போட்டு, ஐஸ் போட்டு... துண்டெல்லாம் பழுதாப் போச்சு. அம்மாவின்ர துண்டையும் நீதான் கொண்டுபோய்ச் சேர்க்கேல்லை. இப்ப என்னையும் முடிக்கப் பாக்கிறாய்.”

லொறிச் சத்தம் மட்டும் கேட்டது. “வைக்கிறன் அக்கா” என்றான்.

நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும் என்பார்கள். என்னுடையது அன்றைக்குப் புரண்டது போதாதென்று ஒரு மனுசனை மிதித்துவிட்டும் வந்தது. சிவம் வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சியை என் பழைய பருத்திச் சீலைத் துண்டால் வடித்துக்கொண்டிருந்தார். ஒரு பருக்கையும் தொண்டையில் முட்டக்கூடாது என்று இரண்டுதரம் வடிப்பார். நிமிராமலே, “நீ சொன்னது பிழை” என்றார்.

பிழை என்று எனக்கே தெரியும். தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது.

அந்த ஐந்து நாளும் மோசமான நாட்கள். எச்சில் விழுங்கவே முகம் கோணும். பார்வையாளர் நேரத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன், ராசன் வரமாட்டான். ஆனால் தினமும் மத்தியானம் ஒரு பிளாஸ்க் வரும். முல்லைத்தீவுப் பக்கமிருந்து வருகிற பஸ் கொண்டக்டர் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். வடித்தெடுத்த மீன் சாறு, உறைப்பில்லாமல், இளஞ்சூட்டில். யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே, எரிய எரியக் குடித்தேன்.

சேலைன் சொட்டுகிறதைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மீன்காரனிடம் சதையைக் கொடுத்து, பழுதாகாமல் கொண்டுபோ என்று சொன்னவள் நான். அவன் தனக்குத் தெரிந்த தொழிலில் உள்ள முழுக் கவனத்தையும் அதில் போட்டிருக்கிறான். வேறு என்ன செய்வான்?

நான்காம் நாள் நானே போன் எடுத்தேன்.

“நாளைக்குத் திரும்ப எடுக்கினம். நீதான் கொண்டு போகோணும்.”

“நானோ?”

“ஓம். நீதான்.”

மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வரவில்லை. அவ்வளவு நீளமான வாய்க்கு அது மட்டும் எட்டாது.

அடுத்த நாள் கலியாண வீட்டுக்குப் போகிறவன்போல வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்தான். மீன் மணம் இல்லை, சவர்க்கார மணம். மிஸ்ஸியிடம் மூன்றுதரம் கேட்டான். ஐஸ் வேண்டாமோ? வேண்டாம். கொஞ்சமும் வேண்டாமோ? வேண்டாம் தம்பி. பஸ்ஸில ஏசி இருந்தால் என்ன செய்யிறது? மிஸ்ஸி சிரித்துவிட்டா. லொறியில் போகாமல் பஸ்ஸில் போனான். இரண்டு போத்தலையும் லேஞ்சித் துணியில் சுற்றி, சேட் பொக்கற்றில் வைத்து, மேலே கையால் பொத்திக்கொண்டு படி இறங்கியதை யன்னலால் பார்த்தேன். மறுநாள் காலையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. “குடுத்திட்டன். ஐஸ் இல்லை.”

துண்டு எடுத்த அன்றே மருந்து தொடங்கினார்கள். நாளுக்கு ஒரு குளிசை. நான்காம் நாள் கஞ்சி எரியாமல் இறங்கியது. ஆறாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். வட்டக்கச்சியில் என் குசினியில் சிவம் குழைத்துத் தந்த சோற்றை விழுங்கிவிட்டு அழுதேன். சோறு இறங்கிவிட்டது, பயம் இறங்கவில்லை. பூஞ்சணம் போனால் என்ன, அதற்கு அடியில் மற்றது இருந்தால்?

முடிவு வந்த அன்று கிளினிக்கில் டொக்டர் தாளை இரண்டுதரம் வாசித்தார். இரண்டாம்தரம் வாசிக்கும்போது எனக்கு உயிர் போய் வந்தது. புண்ணின் அடிவரை பூஞ்சண நூல்கள். வளர்த்துப் பார்த்ததிலும் அதே பூஞ்சணம். வைரஸ் இல்லை.

“மற்றது?” என்றேன்.

“இல்லை. புற்றுநோய்க் கலம் ஒண்டும் இல்லை அம்மா.” பிறகு கேட்டார், “இழுப்புக்குப் பம்ப் அடிக்கிறனீங்களெல்லே? அடிச்சாப் பிறகு வாய் கொப்பளிக்கிறனீங்களோ?”

மிளகாய்த் தூசியால் எனக்கு ஏழெட்டு வருசமாக இழுப்பு என்கிற மூச்சிரைப்பு. வாய்க்குள் மருந்து விசிறுகிற அந்தப் பம்பை அடித்த கையோடு மெஷினைப் போடுவேன். கொப்பளிக்க எங்கே நேரம்? அந்த மருந்து வாயிலும் குழாயிலும் தங்கி, அங்குள்ள காவலைக் குறைத்துவிடுமாம். இரத்தத்தில் சீனியும் கூடியிருந்தது. இரண்டும் சேர்ந்து பூஞ்சணத்துக்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கின்றன. மூன்று கிழமைக் குளிசை, வாய் கொப்பளிக்க ஒரு மிடறு தண்ணீர். இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. அம்மாவும் இழுப்புக்காரி. இழுப்புக்கென்று சின்ன வெள்ளைக் குளிசையை மாதக்கணக்கில் போட்டவா. அந்தக் குளிசையும் உடம்பின் காவலைக் குறைக்குமா என்று கேட்டேன். குறைக்கும் என்றார். அம்மாவின் கதையைச் சொன்னேன். டொக்டர் பேனையை மேசையில் வைத்தார்.

“இருக்கலாம் அம்மா. இல்லாமலும் இருக்கலாம். துண்டு பாக்காம ஒருத்தராலயும் சொல்லேலாது.”

சிவம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

இனி எழுதப்போவதை ராசன் படிக்கக்கூடாது. நல்லவேளை, அவன் கணக்குக் கொப்பியைத் தவிர எதையும் வாசிக்கிற ஆள் இல்லை. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விளைமீனோடு வந்தான். முடிவைக் கேட்டுக் கைகூப்பினான். பிறகு கதிரை நுனியில் இருந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி கதைத்தான்.

“அக்கா, ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு ஓமந்தையில நான் அந்தப் போத்தலைத் திறந்து மணந்து பாத்தனான். மூக்கில ஏறிச்சுது, கண்ணால தண்ணி வந்தது. எட்டு நாள் வெயிலுக்குள்ள ஐஸ் இல்லாம வைச்சிருந்து பழுதாக்கிப் போட்டன் எண்டு விளங்கிச்சு. டொக்டரும் பிரயோசனம் இல்லையெண்டார். ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. அதுதான் இந்தமுறை... உப்பும் போட்டு...”

இருபது வருசத்துக்கு மேலாக இதைச் சுமந்திருக்கிறான். அதன் மேல்தான் நான் அன்றைக்குப் போனில் மிதித்தேன்.

“டேய், அது அழுகின மணம் இல்லை” என்றேன். “அது ஃபோமலின். ஆஸ்பத்திரியில மிஸ்ஸி மூடியைத் திறக்கேக்க எனக்கும் அப்பிடித்தான் கண்ணால தண்ணி வந்தது. அதுக்குள்ள கிடந்தால் எட்டு நாள் என்ன, எட்டு மாதமும் பழுதாகாது. வெயில் கூடாதெண்டது மற்ற உப்புத் தண்ணிப் போத்தலுக்குத்தான். நீ ஒண்டையும் பழுதாக்கேல்லை. டொக்டர் பிரயோசனம் இல்லையெண்டது பாதை பூட்டினதால. பாதையைப் பூட்டினதும் நீயில்லை. நான்தான் வாய்க்கு வந்தபடி கதைச்சுப்போட்டன்.”

“உண்மையாவோ அக்கா?”

“மிஸ்ஸியைப் போய்க் கேட்டுப் பார்.”

முகத்தைச் சேட் கையால் துடைத்தான். அப்போதுதான் அந்தக் கேள்வி அவனுக்கு வந்தது. வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அப்ப அந்தத் துண்டு போய்ச் சேர்ந்திருந்தால்... அம்மா தப்பியிருப்பாவோ?”

குசினி வாசலில் நின்ற சிவம் என்னைப் பார்த்தார்.

“இல்லையடா” என்றேன். “அம்மாவுக்குப் புற்றுநோய்தான். டொக்டரிட்ட எல்லாத்தையும் சொல்லிக் கேட்டனான். சேர்ந்திருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாதாம்.”

ராசன் தலையாட்டினான். பிறகு சோறு கேட்டான். விளைமீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான். சிவம் போட்டார். நான் பம்ப்பை அடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய், டொக்டர் சொன்னதைவிடக் கனநேரம் வாய் கொப்பளித்துக்கொண்டு நின்றேன்.